'அணையவில்லை' என்று எழுதுவதும் விடைதான்!



முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் லேபில் தனி ஊசல் சோதனை செய்தோம். ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுக்கு நேரம் பார்க்கணும். நான் இரண்டு நீளத்துக்குத்தான் பார்த்தேன். மீதியை, கடைசியில் 9.8 வருகிற மாதிரி கால்குலேட்டரில் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் டிக் விழுந்தது. இதைப் படிக்கிற பிளஸ் டூ அக்கா, அண்ணன்களில் எத்தனை பேர் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்!

ஆனால் பின்னாலிருந்து கணக்குப் போடவே முடியாத ஒரு சோதனை இருக்கிறது. அதன் விடை யாருக்குமே முன்கூட்டித் தெரியாது. அதை நம்ம பள்ளியில் செய்ய வேண்டும் என்பதுதான் என் கருத்து.

2023 மார்ச் 24 சாயங்காலம் ஞாபகம் இருக்கா? பிறை நிலாவுக்குக் கீழே பொட்டு வைத்த மாதிரி வெள்ளி தெரிந்தது. தெருவே நின்று பார்த்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் நிலா வெள்ளியை மறைத்துவிட்டு விலகியிருந்தது. இதற்கு 'மறைப்பு' என்று பெயர். இதே வேலையைச் சிறுகோள்களும் செய்கின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றும் பாறைகள் அவை. அதில் ஒன்று ஒரு நட்சத்திரத்துக்கு நேராக வந்தால், சில விநாடிகள் அந்த நட்சத்திரம் அணைந்து திரும்ப எரியும்.

நட்சத்திரம் ரொம்ப தூரத்தில் இருப்பதால் அதன் ஒளி இணையாக வருகிறது. அதனால் சிறுகோளின் நிழலும் ஏறக்குறைய அதே அகலத்தில் பூமியில் விழும். நிழல் விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகிறது, அரூரில் நிற்பவருக்கு நட்சத்திரம் 4 விநாடி அணைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் பாறையின் அகலம் 40 கி.மீ.! மொரப்பூரில் 3 விநாடி என்றால் அங்கே 30 கி.மீ. நிழல் போகும் பாதைக்குக் குறுக்கே பல பேர் தள்ளித் தள்ளி நின்று நேரம் குறித்தால் பாறையின் உருவமே கிடைத்துவிடும். பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரிகிற ஒன்றை, கடிகாரத்தை வைத்தே அளந்துவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம். ஒருவர் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, 'நட்சத்திரம் அணையவில்லை' என்று எழுதுகிறார். அவர் தோற்றுவிட்டாரா? இல்லவே இல்லை. நிழல் அவர் வரைக்கும் வரவில்லை, பாறை அதற்குள் முடிந்துவிட்டது என்று எல்லை போட்டதே அவர்தான். வெட்கப்பட்டு 'எனக்கும் 2 விநாடி அணைந்தது' என்று அடித்து விட்டால் பாறையின் உருவமே கெட்டுப்போகும்.

அர்ஜென்டினாவில் 2017 ஜூலை 17 அன்று இப்படித்தான் நடந்தது. புளூட்டோவுக்கும் அப்பால் இருக்கும் அரோகோத் என்ற சின்னப் பொருளின் நிழலைப் பிடிக்க இருபதுக்கும் மேற்பட்ட தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். அந்த ஊர்க்காரர்கள் தெருவிளக்கை அணைத்தார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள், காற்றுக்கு மறைப்பாக லாரிகளைக்கூட நிறுத்தினார்கள். நட்சத்திரம் அணைந்தது ஐந்தே தொலைநோக்கிகளில். இரண்டு உருண்டை ஒட்டிய மாதிரி ஒரு உருவம் அதிலேயே கிடைத்தது. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தபோது அது சரியாகவே இருந்தது.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம்ம அரூரிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருப்பத்தூர் போய், ஆலங்காயம் பக்கம் ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள். அங்கிருந்து பார்த்தபோது யுரேனஸ் அந்த நட்சத்திரத்தை மறைக்கவே இல்லை! ஆனால் கிரகத்துக்குத் தள்ளியே, சில விநாடி மட்டும் வெளிச்சம் குறைந்தது. 'கருவிக் கோளாறு' என்று அடித்துவிடாமல் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அதே மறைப்பை விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கர்களின் பதிவையும், மற்ற இடங்களின் பதிவையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை புரிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன! எதிர்பார்த்த விடையைத்தான் எழுதுவேன் என்று இருந்திருந்தால் காவலூருக்கு அதில் பங்கு கிடைத்திருக்குமா?

அவர்கள் விஞ்ஞானிகள், நாம் பிள்ளைகள்தானே என்பீர்கள். சிறுகோள் மறைப்பை உலகம் முழுக்க அதிகமாகக் குறிப்பதே பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள்தான். 6 அங்குலத் தொலைநோக்கி, ஒரு வீடியோ கேமரா, ஜி.பி.எஸ். நேரம், இவ்வளவுதான் அவர்கள் கையில் இருப்பது.

நம்மிடம் அதுகூட இல்லை என்பது உண்மை. அதனால் நிலாவிலிருந்து ஆரம்பிப்போம். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை இந்த நான்கையும் ஜாதகத்தில் மட்டும்தான் பார்த்திருப்போம். நான்குமே நிலா போகும் வழியில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரங்கள். நிலா அவற்றை மறைப்பதை ஒரு சாதாரண பைனாகுலரில் பார்த்து, ஸ்டாப் வாட்ச் அழுத்திப் பழகலாம். தை முதல் சித்திரை வரை நம்ம பக்கம் மேகமும் குறைவு.

ராத்திரியில் பொம்பளப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று எங்க அம்மாவே கேட்டாங்க. எங்கேயும் அனுப்ப வேண்டாம்! இந்தச் சோதனைக்கு ஆட்கள் ஒரே இடத்தில் கூடக் கூடாது, தள்ளித் தள்ளித்தான் இருக்கணும். தீர்த்தமலை, கோட்டப்பட்டி, மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று நாலா பக்கமும் இருந்து பஸ் ஏறி வருகிற நம்மைவிட யார் இதற்குப் பொருத்தம்? அவரவர் வீட்டு மாடியே ஆய்வுக்கூடம். பஸ்ஸில் வருவது இதுவரை கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பரீட்சைக்கு வராது, மார்க் கிடைக்காது. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மார்க் இல்லாத இடத்தில் பொய் ரீடிங் எழுத யாருக்கும் அவசியம் இல்லையே.

தலைமை ஆசிரியருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் பணிவான வேண்டுகோள்: ஒரு பைனாகுலரும், ஒரு 80 பக்க நோட்டும் தாருங்கள். 'மறைப்புப் பதிவேடு' என்று பெயர் எழுதி லேபில் வைப்போம். அதில் 'மேகம்', 'தூங்கிவிட்டேன்', 'அணையவில்லை' என்று எழுதினாலும் திட்டு விழாது என்று மட்டும் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வாரம் ஊசலைத் திரும்பவும் ஆட்டி, எல்லா நீளத்துக்கும் நேரம் பார்த்தேன். எனக்கு வந்த விடை 9.4. அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதி, இன்று சாரிடம் கொடுக்கப் போகிறேன்.

– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி