எடைக்குப் போன ஏடுகள்

ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லம் நினைவகமாக இருப்பதை நம் கல்லூரியில் அறியாதார் இல்லை. உள்ளே சென்று பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சங்கடம். நானும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவன்தான். சென்ற ஆண்டு தமிழ் விரிவுரையாளர் எங்களை அழைத்துச் சென்றபோதுதான் கவிஞரின் கையெழுத்தை நின்று படித்தேன். மகிழ்ச்சிக்குப் பதில் உடம்பு கூசியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா மில் தொழிலாளி. பள்ளிக்கூடம் போகாதவர், தொழிற்சங்கத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். அவருடைய தகரப் பெட்டியில் சந்தா ரசீதுகள், மனுக்களின் நகல்கள், வேலைநிறுத்த நாட்களில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவர் மறைந்தபின் வாடகை வீடு மாறும்போது, 'இடத்தை அடைக்கிறது' என்று அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டவன் நான். ஏழு கிலோ இருந்தது. அந்தக் காசில் ஆய்வுக்கூடக் குறிப்பேடு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் செய்த காரியம் இது!

பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். கவிதையோடு கதையும் எழுதினார். 'சின்னச் சங்கரன் கதை'யின் சில அத்தியாயங்கள் சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபானு'வில் வெளிவந்தன. கைப்பிரதியோ களவு போயிற்று. வெள்ளை அரசின் ஒற்றர்கள் வேலை என்றே நண்பர்கள் கருதினர். அச்சேறிய பகுதிதான் இன்று நமக்கு மிச்சம். 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். அது நிறைவேறவில்லை, மறு ஆண்டே மறைந்தார். சிதறியவற்றைத் தேடித் தொகுக்க ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றோர் பல்லாண்டுகள் அலைய வேண்டியிருந்தது.

'புத்தகம் அச்சில் இருக்கிறதே, பழைய தாள் எதற்கு?' என்று என் நண்பன் கேட்டான். ஒற்றனுக்குத் தெரிந்த அருமை நம் பட்டதாரிக்குத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை அவர் வீட்டார் எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனை ஆதாரமாகக் கொண்டுதான் நம் ஊர் பிரபஞ்சன் நாவல் புனைந்தார். 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்தப் பிரபஞ்சனும் 2018இல் மறைந்துவிட்டார். இன்று எழுதும் புதுவை எழுத்தாளர்களின் கடிதங்களையும் கைப்பிரதிகளையும் நாளை யார் காப்பது? அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்த நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்டுவின் 1987இல் மறைந்தார். அவருடைய தாள்களை 2017இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஷாம்பர்க் மையம் பெற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அவை தராசு ஏறவில்லை.

பாதுகாப்பது தமிழ்த்துறையின் வேலை மட்டுமன்று. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் இருக்கிறது. அதுவே தாளை மஞ்சளாக்கி நொறுக்கும். கடற்காற்றின் ஈரம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேதியியல் மாணவனுக்கு இங்கே வேலை உண்டு. தேர்வுக்கு வராத பாடம் என்பதுதான் குறை!

நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கும்படி முதல்வர் அவர்களை வேண்டுகிறேன். எழுத்தாளர் தாள்களோடு நம் வீட்டு நோட்டுகளுக்கும் ரசீதுகளுக்கும் அதில் இடம் வேண்டும். இங்கே படிப்போரில் பலருடைய பாட்டன்மார் மில்லிலும் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். அவர்கள் எழுதியது கொஞ்சந்தான்; அதனால்தான் அவசரம். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அலமாரியைத் துடைக்கவும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவும், பட்டியல் எழுதவும் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)