ஆட்டம் எங்கள் ஊரில்தான்!

2018-ம் ஆண்டு ஜூன் மாதம். அயர்லாந்து நாடு முழுவதும் ஒரே பேச்சு.

ஆட்டம் நியூபிரிட்ஜில் நடக்குமா? நடக்காதா?

நியூபிரிட்ஜ் ஒரு சிறிய நகரம். கில்டேர் என்ற மாவட்டத்தில் இருக்கிறது. புனித கான்லத் பெயரில் அங்கே ஒரு மைதானம். அதுதான் கில்டேர் அணியின் சொந்த மைதானம். அப்போது அதில் சுமார் 8 ஆயிரம் பேர்தான் இருந்து பார்க்க முடியும்.

கேலிக் கால்பந்துப் போட்டியில் கில்டேர் அணியும் மேயோ அணியும் மோத வேண்டி வந்தது. சீட்டுக் குலுக்கியபோது கில்டேரின் பெயர் முதலில் வந்தது. அப்படி வந்தால் சொந்த மைதானத்தில் ஆடலாம். அதுதான் வழக்கம்.

ஆனால் போட்டியை நடத்தும் சங்கம் வேறு முடிவு செய்தது. நியூபிரிட்ஜ் மைதானம் போதாது, கூட்டம் தாங்காது, தலைநகர் டப்ளினில் உள்ள பெரிய அரங்கில் ஆடுங்கள் என்று கூறிவிட்டது.

கில்டேர் அணி மறுத்தது!

ஆட வராவிட்டால் தோற்றதாகக் கணக்கு. அந்த ஆண்டுப் போட்டியை விட்டே வெளியேற வேண்டும். அது தெரிந்தும் அணியின் பயிற்சியாளர் சியன் ஓ நீல் அசையவில்லை. அன்று எங்கள் அணி நியூபிரிட்ஜில்தான் நிற்கும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்.

"நியூபிரிட்ஜ், இல்லாவிட்டால் எங்கும் இல்லை!" இதுவே மக்களின் முழக்கம் ஆயிற்று.

சங்கம் இறங்கி வந்தது. ஜூன் 30-ந் தேதி ஆட்டம் நியூபிரிட்ஜிலேயே நடந்தது. மேயோ லேசான அணி அல்ல. 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இறுதி ஆட்டம் வரை வந்து, ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை இழந்த அணி. அந்த அணியை கில்டேர் 21-க்கு 19 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது!

ஒரு மைதானத்துக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சம்பளம் இல்லாத ஆட்டம்

அயர்லாந்தில் 32 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அணி உண்டு. கேலிக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை அடிக்கும் ஆட்டம். இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர்.

இந்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுவார்கள், வயலில் உழைப்பார்கள். மாலையில் பயிற்சிக்குப் போவார்கள். பணம் கொடுத்து ஆளை வாங்கும் சந்தை அங்கு இல்லை. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த மாவட்டத்துக்கே ஆடுகிறார்கள்.

ஆட்டக்காரனுக்கு ஊர்தான் கூலி! அந்த ஊரின் அடையாளம், சொந்த மைதானம்.

ரத்தம் சிந்திய இடம்

1884-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, தர்லஸ் என்ற ஊரில் ஓர் ஓட்டலில் சிலர் கூடினார்கள். அன்று அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சொந்த நாட்டு ஆட்டங்கள் அழிந்துவிடக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். மைக்கேல் கியூசாக் முன்நின்றார். கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது.

1913-ல் அந்தச் சங்கம் டப்ளினில் ஒரு மைதானத்தை விலைக்கு வாங்கியது. சங்கத்துக்குத் துணை நின்ற பேராயர் குரோக் பெயரை அதற்குச் சூட்டியது. அதுதான் குரோக் பார்க். 82 ஆயிரம் பேர் கொள்ளும் பேரரங்கமாக அது பிற்காலத்தில் வளர்ந்தது.

1920-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். டப்ளின் அணியும் டிப்பரரி அணியும் அங்கே ஆடிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து சுட்டார்கள். 14 உயிர்கள் போயின. அவர்களில் 10 வயதுச் சிறுவனும் உண்டு. டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் உண்டு. அந்த அரங்கின் ஒரு பகுதிக்கு ஹோகன் பெயரையே வைத்தார்கள்.

கெர்ரி மாவட்டத்தில் கில்லார்னி என்ற ஊர். அங்குள்ள மைதானம் 1936-ல் திறக்கப்பட்டது. 1930-ல் காலமான ஆட்டக்காரர் டிக் பிட்ஸ்ஜெரால்டு பெயர் அதற்கு. அந்த ஊர் மனநோய் மருத்துவமனையின் டாக்டர் ஈமன் ஓ சல்லிவன், கெர்ரி அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். மருத்துவமனையில் இருந்தவர்களும் மண்ணை வெட்டி, அந்த மைதானத்தை உருவாக்க உழைத்தார்கள். உலகம் ஒதுக்கி வைத்தவர்களின் வியர்வையும் அந்தப் புல்லில் கலந்திருக்கிறது.

பெயருக்கு வந்த ஆபத்து

கார்க் மாவட்டத்தின் மைதானம் பார்க் ஈ கீவ். "கீவ் பூங்கா" என்று பொருள். 1929 முதல் 1964 வரை சங்கத்தின் செயலாளராக உழைத்த பாட்ரிக் ஓ கீவின் பெயர் அது.

2017-ல் அதைப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். 45 ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கு. அரங்கு எழுந்தது, கடனும் எழுந்தது! 2024-ல் ஒரு பெரிய கடை நிறுவனம் பணம் தர முன்வந்தது. மைதானத்துக்கு நிறுவனத்தின் பெயரை வைக்க வேண்டும். கீவின் பெயர் போய்விடும். இதுதான் முதலில் வந்த யோசனை.

எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. நிறுவனத்தின் பெயர் முன்னால் வந்தது. கீவின் பெயரும் நிலைத்தது.

மறுபக்கமும் உண்டு

சங்கம் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிறிய மைதானம் என்றால் பல ஆயிரம் ரசிகர்களுக்கு இடம் கிடைக்காது. நெரிசலில் உயிருக்கு ஆபத்து வரலாம். பெரிய அரங்கில் வசூலாகும் பணம் சங்கத்தின் வேலைகளுக்கு உதவும். கடனை அடைக்கவும் யாராவது பணம் கொடுத்தாக வேண்டும்.

உண்மைதான். ஆனால் மைதானம் இல்லாத ஊரின் கதையையும் பார்க்க வேண்டும்.

பெல்பாஸ்ட் நகரில் 1953-ல் திறக்கப்பட்டது கேஸ்மென்ட் பார்க். அது ஆன்ட்ரிம் அணியின் சொந்த வீடு. பெரிய அரங்காக்கப் போகிறோம் என்று 2013-ல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். செலவும் ஏறிக்கொண்டே போனது. பத்து ஆண்டுகளுக்கு மேல் புல்லும் புதரும்தான் அங்கே வளர்ந்தன! ஆன்ட்ரிம் அணி காரிகன் பார்க் என்ற சிறு மைதானத்தில் ஆட வேண்டியதாயிற்று. 2025-ல்தான் பிரிட்டிஷ் அரசு 5 கோடி பவுன் தருவதாக அறிவித்தது.

இத்தனை ஆண்டுகளில் அந்த ஊரில் எத்தனை சிறுவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி இருப்பார்கள்! தங்கள் அணி தங்கள் பெரிய மைதானத்தில் ஆடியதை அவர்கள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பெரிதாகக் கட்ட வேண்டும் என்ற ஆசை, இருந்ததையும் போக்கிவிட்டது.

எனவே மைதானத்தைப் பெரிதாக்கட்டும், பழுது பார்க்கட்டும், பணமும் திரட்டட்டும். அதில் தவறில்லை. ஆனால் அந்த மண் யாருடையது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கூலி வாங்காமல் ஆடுகிறவனுக்கும், மழையில் நனைந்துகொண்டே கை தட்டுகிறவனுக்கும் அது சொந்தம். அவர்களைக் கேட்காமல் ஆட்டத்தை இடம் மாற்றுவதும், பெயரை அழிப்பதும் நியாயம் ஆகாது.

நியூபிரிட்ஜ் மைதானத்தையும் பிறகு புதுப்பித்துக் கட்டினார்கள். ஊரை விட்டு அது போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்தது!