உழைக்காத டியூரபிள்

செருப்புக் கடையில் விலையைக் கேட்டதும் அடுத்து என்ன கேட்பீர்கள்? 'நல்லா உழைக்குமா?' தமிழில் பொருள்கள் உழைக்கும். செருப்பு, குடை, மிக்ஸி எல்லாம். காசு கொடுத்தவனுக்குப் பாடுபட வேண்டியது பொருளின் கடமை என்று நம் பேச்சே தீர்மானித்து வைத்திருக்கிறது.

இங்கிலீஷ்காரன் இதை 'டியூரபிள்' என்றான். பூர்வீகம் லத்தீன். 'டியூரஸ்' என்றால் கெட்டி. 'டியூராரே' என்றால் கெட்டிப்படுவது, நீடிப்பது, இரண்டும்தான். இந்தக் கெட்டியான வார்த்தையைத்தான் ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் தலையில் ஒட்டி 'கன்ஸ்யூமர் டியூரபிள்ஸ்' ஆக்கினார்கள். பி.காம். பரீட்சைக்கு நானும் மனப்பாடம் பண்ணியதுதான்.

சரி, எத்தனை வருஷம் தாங்கினால் டியூரபிள்? அமெரிக்க அரசின் பொருளாதார ஆய்வு அலுவலகம் சொல்லும் இலக்கணப்படி, சராசரி ஆயுள் குறைந்தது 3 வருஷம். பாஸ் மார்க் அவ்வளவுதான்! எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை ஒண்ணாங்கிளாஸ் முடித்தால் ஃப்ரிட்ஜ் ரிட்டயர் ஆகலாம்.

பொருள் சீக்கிரம் சாக வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டவர்களும் உண்டு. 1924-ல் ஜெனீவாவில் பல்பு கம்பெனிகள் கூடி 'ஃபீபஸ்' என்று ஒரு கூட்டணி அமைத்தன. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் தயாரித்த கம்பெனிக்கு அபராதம். அதிக நாள் எரியும் பல்பு கரன்ட்டைத் தின்னும் என்று சமாதானம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அப்படியானால் இரண்டையும் கடையில் வைத்து ஜனங்களிடம் விட்டிருக்கலாமே, அபராதம் எதற்கு?

இன்றைக்கு அபராதம் தேவையில்லை, பசை போதும். செல்போன் பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறார்கள். டி.வி. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, 'போர்டு போச்சு சார், பார்ட்ஸ் வர்றதில்லை, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். பழசுக்கு இ.எம்.ஐ. இன்னும் பாக்கி.

பிரான்ஸில் 2021 முதல் சில பொருள்களுக்கு, ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். 2025-ல் டி.வி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் அது 'டியூரபிலிட்டி' மார்க்காகவே மாறிவிட்டது. இங்கே 2022-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது, போர்ட்டல் திறந்தது. போர்ட்டல் ஸ்க்ரூ கழற்றாதே!

பிஸ்கட் பாக்கெட்டில்கூட விலை, எடை, தேதி எல்லாம் போடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு வரி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்: இதற்கு எத்தனை வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும்? பதில் எழுதத் தயங்குகிற கம்பெனி 'டியூரபிள்' என்ற வார்த்தையை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடட்டும்.