ஆறு ஸ்டேஷன் இருந்தும் லோக்கல் ரயில் இல்லை... திருச்சியில் என்ன சிக்கல்? ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தின் கதை

பச்சைமலையில் டாப் செங்காட்டுப்பட்டியில் இருந்து ஒருவர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மலையை விட்டு இறங்கினால் துறையூர். அங்கே ரயில் கிடையாது. பெரம்பலூர் பக்கம் போனாலும் ரயில் கிடையாது. அரியலூரில் இருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழும், பிறகு அடங்கிவிடும். ஆகவே துறையூரில் திருச்சி பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட் தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்து வர வேண்டும். அப்படி வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஸ்டேஷன்களில் ஒன்று ஸ்ரீரங்கம்.

அங்கே வந்துவிட்டால் சென்னைக்குப் பிரச்சினை இல்லை. பல்லவன், வைகை, மலைக்கோட்டை என மூன்று பிரபலமான ரயில்களும் நிற்கின்றன. 325 கி.மீ. தூரத்தில் இருக்கும் எழும்பூருக்கு ரயிலில் போகலாம். ஆனால் அதே ஸ்டேஷனில் இருந்து 12 கி.மீ. தூரத்தில் இருக்கும் திருச்சி ஜங்ஷனுக்குப் போக வேண்டுமென்றால்? யாரும் ரயிலை நினைப்பதுகூட இல்லை. வாசலுக்கு வந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோதான் தேடுவார்கள்.

2025 மே 22 அன்று அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட 103 ரயில் நிலையங்களைப் பிரதமர் மோடி ராஜஸ்தானில் இருந்து காணொளி மூலம் திறந்துவைத்தார். தமிழ்நாட்டில் இருந்து பட்டியலில் இடம்பிடித்த ஒன்பதில் ஸ்ரீரங்கமும் ஒன்று. ஸ்டேஷன் புதுசாகிவிட்டது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் தினமும் பயன்படுத்தும் ஸ்டேஷனாக அது மாறிவிட்டதா என்பது வேறு கேள்வி.

குறுக்குப் பாதையில் பிறந்த ஸ்டேஷன்

திருச்சிக்கு ரயில் வந்தது 1862ல். நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூர் வழியாக வந்த பாதை அது. பிறகு 1860களிலேயே கரூர் வழியாக ஈரோடு வரை நீண்டது. அந்த ஈரோடு பாதையில்தான் பாலக்கரையும் கோட்டை ஸ்டேஷனும் வருகின்றன. காவிரிக்குத் தெற்கே எல்லாம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்ரீரங்கத்துக்கு ரயில் இல்லை. ரங்கநாதரைப் பார்க்க வந்தவர்கள் தென்கரையில் இறங்கி, ஆற்றைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

இந்த நிலை மாறியது 1920களின் கடைசியில். அதுவரை சென்னையில் இருந்து திருச்சிக்கு வர விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றிவர வேண்டும். விழுப்புரத்தில் இருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாக நேராக ஒரு பாதை போட்டார்கள். இதைத்தான் ரயில்வேக்காரர்கள் இன்றைக்கும் 'கார்டு லைன்' என்கிறார்கள். பழைய வழியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 60 கி.மீ. மிச்சம்.

இந்த நேர்பாதை கொள்ளிடத்தையும் காவிரியையும் அடுத்தடுத்துத் தாண்ட வேண்டும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். அப்படித்தான் கோயிலுக்கும் திருவானைக்காவலுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு ஸ்டேஷன் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், இது ஊருக்காகப் போட்ட பாதை இல்லை. சென்னையையும் தென் மாவட்டங்களையும் சீக்கிரமாக இணைக்கப் போட்ட பாதை. வழியில் ஸ்ரீரங்கம் இருந்தது, அவ்வளவுதான். இன்றைய சிக்கலின் வேர் அங்கேயே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னையில் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931ல் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? திருச்சியில். நாகப்பட்டினத்தில் இருந்த பெரிய பணிமனையையும் 1928ல் பொன்மலைக்கே கொண்டுவந்தார்கள். சென்னைக்கு லோக்கல் ரயில் கொடுத்த ஊருக்கு, ஏறத்தாழ நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஒரு லோக்கல் ரயில் சேவை இல்லை.

டவுன் வேற, கோட்டை வேற

திருச்சி மாநகராட்சிக்குள் குறைந்தது ஆறு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஜங்ஷன், பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம், பாலக்கரை, கோட்டை. வெளியூர்க்காரர்கள் அடிக்கடி குழம்புவது டவுனுக்கும் கோட்டைக்கும்தான். மலைக்கோட்டைக்குக் கிழக்கே இருப்பது டவுன். அது சென்னை பாதை. மேற்கே, மெயின்கார்டு கேட் பக்கம் இருப்பது கோட்டை. அது கரூர், ஈரோடு பாதை. டிக்கெட் எடுக்கும்போது பெயரை மாற்றிச் சொன்னால் ரயில் வேறு திசையில் போய்விடும்.

இந்த இரண்டு பாதைகளும் சந்திப்பது ஜங்ஷனில் மட்டும். கோட்டை ஸ்டேஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருப்பது காவிரி ஒன்றுதான். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் தெற்கே ஜங்ஷன் வரை இறங்கி, பொன்மலை வழியாகச் சுற்றி, டவுன் தாண்டித் திரும்பவும் மேலே ஏற வேண்டும். ஜங்ஷனில் இருந்து ஸ்ரீரங்கம் போகும் பாதையும் அப்படித்தான். முதலில் கிழக்கே பொன்மலைக்குப் போய், அங்கே தஞ்சாவூர் பாதையைப் பிரிந்து, பிறகுதான் வடக்கே திரும்புகிறது. பஸ் நேராகப் போய்விடும்.

1994ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதில் சேர்ந்தன. அதாவது, நிர்வாகக் கணக்கில் இவை ஒரே ஊராகி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. ரயில்வே கால அட்டவணையில் மட்டும் அவை இன்னும் வழியில் வரும் தனித்தனி ஊர்கள்.

ஒரே தண்டவாளம், மூன்று கட்டணம்

ஸ்ரீரங்கத்தில் இருந்து ஜங்ஷனுக்குச் சாதாரண பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸ் என்றால் 30 ரூபாய். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதோடு 15 ரூபாய் கூடுதல், ஆக 45. பல்லவன், வைகை, மலைக்கோட்டை மூன்றுமே சூப்பர்ஃபாஸ்ட்தான். பத்து ரூபாய் டிக்கெட்டோடு வைகையில் ஏறினால் அபராதம் நிச்சயம்.

கொரோனா காலத்தில் இந்தப் பத்து ரூபாயும் காணாமல் போயிருந்தது. பாசஞ்சர் ரயில்களை எல்லாம் 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றி ஓட்டியதால், பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறவரும் 30 ரூபாய் கொடுத்தார். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் லால்குடி, வாளாடி பக்கமிருந்து திருச்சிக்கு வருபவர்களுக்கு, போக வர ஒரு நாளைக்கு 40 ரூபாய் வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. இடையில் பஸ்ஸுக்கு மாறியவர்கள் எல்லாரும் ரயிலுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பலரும் பேசாத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்து ஜங்ஷன் பக்கம் போகும் ஒரு பெண்ணுக்கு அரசு டவுன் பஸ் இலவசம், பாசஞ்சர் ரயில் 10 ரூபாய். பஸ் விடுவது மாநில அரசு, ரயில் விடுவது மத்திய அரசு. இரண்டு கணக்கும் ஒரே மேஜைக்கு வருவதே இல்லை. பணம் மட்டுமல்ல, ஒன்றாம் நம்பர் பஸ் ராஜகோபுரம் பக்கமே கிளம்புகிறது. அடிக்கடி வருகிறது. ஒன்றை விட்டாலும் இன்னொன்று. பாசஞ்சர் ரயிலை விட்டால்? அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். லோக்கல் ரயில் என்பது கட்டணத்தால் வருவதில்லை. 'போனால் ரயில் இருக்கும்' என்ற நம்பிக்கையால் வருவது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் யாரும் கால அட்டவணையைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

பாலம் மூடிய ஆறு மாதம்

ரயில் எவ்வளவு முக்கியம் என்று காட்டிய காலம் ஒன்று வந்தது. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரி சாலைப் பாலம் 1976ல் வந்தது. பராமரிப்புப் பணிக்காக 2022 செப்டம்பரில் அதில் போக்குவரத்துக்குத் தடை போட்டார்கள். முதலில் டூவீலர்களை மட்டும் விட்டார்கள், பிறகு அதுவும் நின்றது. 2023 மார்ச்சில்தான் பாலம் மறுபடி திறந்தது. அதுவரை ஸ்ரீரங்கம்வாசிகள் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸ்கூல், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே சுற்று.

அத்தனை மாதமும் ரயில் பாலம் திறந்துதான் இருந்தது. ஆனால் அன்றாடப் போக்குவரத்தைத் தாங்கும் அளவுக்கு அதன் மேல் உள்ளூர் ரயில்கள் இல்லை. அதற்கு முன்பே, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அது 1928ல் கட்டியது. நல்லவேளை, பக்கத்திலேயே புதிய பாலம் வந்து, வண்டிகள் அதில் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஆறு இருக்கும் ஊருக்கு, சாலைப் பாலத்தை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஐந்து வருஷத்துக்குள் இரண்டு உதாரணங்கள்.

சரி, ரயில்வே ஏன் விடுவதில்லை?

ஒரு காலத்தில் பதில் சுலபம்: ஒற்றைப் பாதை, மீட்டர் கேஜ், டீசல் இன்ஜின். இன்றைக்கு அந்த மூன்றையும் சொல்ல முடியாது. 1990களின் இறுதியை ஒட்டி அகலப் பாதை வந்தது, மின்மயம் முடிந்தது, இரட்டைப் பாதையும் வந்துவிட்டது.

'பாதை நெரிசல்' என்ற பதில் பாதி உண்மை. மதுரை, நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி, ராமேஸ்வரம் ரயில்களில் பெரும்பகுதி இந்தப் பாதையில்தான் போகிறது. ஆனால் தென் மாவட்ட இரவு ரயில்களில் பல திருச்சியைக் கடப்பது நள்ளிரவை ஒட்டி, ஆபீஸ் நேரத்தில் அல்ல. காலையில் தடையாக இருப்பது பாதையைவிட ஜங்ஷன்தான். தஞ்சாவூர், சென்னை, காரைக்குடி, திண்டுக்கல், ஈரோடு என்று ஐந்து திசை ரயில்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஒரு குட்டி ரயில் உள்ளே வந்து, திரும்பிப் போவதற்கு நடைமேடை வேண்டும். அந்த நேரத்தில் மற்ற ரயிலின் வழி மறிபடக் கூடாது. பெட்டிகள் வேண்டும், ஓட்டுநர்கள் வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டில் இதற்கெல்லாம் செலவு தேறாது என்பது ரயில்வே வெளிப்படையாகச் சொல்லாத கணக்கு.

அதனால் லால்குடியில் இருந்து ஜங்ஷன் வரை நாள் முழுக்க ரயில் கேட்பதைவிட, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு மெமு ரயில்களைக் கேட்பது நடக்கக்கூடிய காரியம். ஜங்ஷனிலேயே முடிக்காமல் அப்படியே மணப்பாறை பக்கமோ காரைக்குடி பக்கமோ நீட்டினால், நடைமேடையில் நிற்கும் நேரமும் குறையும். இதில் புதிய தண்டவாளம் எதுவும் போட வேண்டியதில்லை.

மாநில அரசின் பங்கும் இருக்கிறது. திருச்சிக்கான மெட்ரோ ஆய்வில் பேசப்பட்ட வழிகளில் ஒன்று சமயபுரம் - வயலூர். அதுவும் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டித்தான் ஆக வேண்டும். இரண்டு ஆறுகளின் மேலும் ஏற்கெனவே இருக்கும் ரயில் பாலங்களை என்ன செய்யலாம் என்பதை அதற்கு முன் பேசியிருக்க வேண்டும். இதற்கிடையே வெளியூர் பஸ்கள் 2025 ஜூலையில் இருந்து பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையத்துக்குப் போய்விட்டன. மதுரைப் பக்கமிருந்து ஸ்ரீரங்கம் வருபவர் அங்கே இறங்கி, ஊரையே குறுக்கே கடந்து வர வேண்டியிருக்கிறது. அதே ஆள் வைகையில் வந்தால் நேராக ஸ்ரீரங்கத்திலேயே இறங்கலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

தினமும் போகிறவர்களுக்கு மாதச் சீசன் டிக்கெட்தான் லாபம். இரண்டாம் வகுப்பில் ஏறத்தாழ 15 முறை போகும் கட்டணத்தில் மாதம் முழுக்கப் போய் வரலாம். முன்பதிவுப் பெட்டியில் அது செல்லாது. முன்பதிவில்லாத டிக்கெட்டை 'ரயில்ஒன்' செயலியில் எடுத்துவிட்டால் கவுன்ட்டர் வரிசையும் மிச்சம். கோயிலுக்கு வருபவர்கள் ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். டிக்கெட்டையே ஸ்ரீரங்கத்துக்கு எடுக்கலாம், ராஜகோபுரம் நடந்து போகும் தூரம்தான். பச்சைமலை, துறையூர் பக்கமிருந்து வருபவர்களும் சத்திரம் வரை போகத் தேவையில்லை. நம்பர் 1 டோல்கேட்டில் இறங்கினால் உத்தமர்கோவில் ஸ்டேஷன் பக்கம்தான். ஆனால் அங்கே எக்ஸ்பிரஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. இல்லையென்றால் அதே பஸ்ஸில் கொள்ளிடத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்துவிடுங்கள்.