இடது சீட்டில் பெரியவர்

நம் வீடுகளில் காரின் முன்பக்க இடது சீட் பெரியவருக்குத்தான். எஸ்.யூ.வி. செய்கிறவர்களுக்கு மட்டும் அது தெரியாது போலும். டிரைவர் சீட்டை ஏற்றி இறக்க வசதி உண்டு; பக்கத்து சீட்டுக்குப் பல வண்டிகளில் கிடையாது. மெத்தை குட்டை, பாதித் தொடை அந்தரத்தில் நிற்கும். பின்னால் பேரன் கால் நீட்டவென்று சீட்டை முன்னே தள்ளினால், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும்.

இந்த நெருக்கடிக்கு 2006 பட்ஜெட்டும் ஒரு காரணம். 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் வண்டிக்கு வரிச் சலுகை என்றார்கள். அன்று முதல் வெளியே யானை, உள்ளே பூனை. பழைய அம்பாசடரின் நீள சீட்டில் முன்னால் மட்டும் மூன்று பேர் போவோம், மடியில் சீர்த்தட்டு வேறு!

இதைச் சொகுசு என்று தள்ளாதீர்கள். ஏர்பேக்குக்கும் நெஞ்சுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள் பாதுகாப்பு நிபுணர்கள். சீட்டை முன்னே தள்ளிய கிழவனுக்கு அது எங்கே கிடைக்கும்?

ஷோரூமில் பெரிய திரையைக் காட்டும் தம்பி முதலில் அந்த இடது சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டட்டும். வாங்கப் போகிறவர்களும் அப்பாவையோ மாமனாரையோ கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். கலரை அப்புறம் பார்க்கலாம்.