நுரையிலதான் இருக்கு விஷயம்!

ஒன்பது மணிக்கு கேம்பஸ் இன்டர்வியூ. எட்டரைக்கு ஹாஸ்டல் வாஷ்பேசின் முன்னாடி நிக்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? ஒருத்தர் குளிக்கிற சோப்பைக் கன்னத்துல தேய்ச்சு 'சரக்'குனு இழுப்பார். இன்னொருத்தர் வெறும் தண்ணியோட மல்லுக்கட்டுவார். மூணாவது ஆள், "மச்சி, உன் ரேசரைக் கொஞ்சம் குடு"ன்னு கை நீட்டுவார். ஹெச்.ஆர். முன்னாடி போய் உட்காரும்போது டை பளபளக்கும். தாடையில ரத்தக்கோடு எட்டிப் பார்க்கும்!

இதுக்கு நாம சொல்ற ஒரே காரணம், "பிளேடு சரியில்ல". அங்கதான் தப்பு பண்றோம்.

விளம்பரங்கள் நமக்கு பிளேடை எண்ணத்தான் கத்துக் கொடுத்திருக்கு. 1904-ல கிங் கேம்ப் ஜில்லெட் சேஃப்டி ரேசருக்கு பேடன்ட் வாங்கினப்போ இருந்தது ஒரே ஒரு பிளேடு. அந்தக் கம்பெனி 1971-ல ரெண்டாக்குச்சு, 1998-ல மூணு, 2006-ல அஞ்சு. ஆனா நம்ம தாடி மட்டும் அதே பழைய தாடிதான்!

தாடி முடிங்கிறது கெரட்டின்ங்கிற புரதம். காய்ஞ்சு இருக்கிறப்போ விறைப்பா நிக்கும். ரெண்டு மூணு நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில ஊறினா, தண்ணியை உறிஞ்சி, லேசா பருத்து, மெத்துனு ஆயிடும். அதை வெட்ட ரொம்பக் குறைச்சலான விசை போதும். முடியை ஊற வைக்கிறது தண்ணி. அந்த ஈரம் ஓடிப்போகாம பிடிச்சு வைக்கிறதும், பிளேடு வழுக்கிட்டுப் போக வழி பண்றதும் நுரை. பிளேடோட வேலை கடைசியில வர்ற சின்ன வேலைதான்.

"அப்போ குளிக்கிற சோப்பு நுரையே போதுமே?" போதாது. குளிக்கிற சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்பு. அதோட நுரை சீக்கிரம் காய்ஞ்சிடும். ஷேவிங் சோப்புல பொட்டாசியம் சோப்பும் ஸ்டீயரிக் ஆசிடும் நிறைய உண்டு. அதனாலதான் நுரை தயிர் மாதிரி கெட்டியா நிக்குது.

ஹாஸ்டல் போர் தண்ணியில நுரையே வரலையா? ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபுல ஈ.டி.டி.ஏ. ஊத்தி, ஒயின் ரெட் எப்போ நீலமாகும்னு பியூரெட்டையே முறைச்சுட்டு நின்னோமே... அந்தக் கடினநீர்தான் இங்கே வில்லன்! அதுல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரிதிரியா அழுக்காயிடும். ஒரு டம்ளர் கேன் தண்ணி எடுத்துக்கோங்க. பிரச்னை ஓவர்.

இனி செய்முறை. குளிச்சு முடிச்ச உடனே ஷேவ் பண்ணுங்க. முடி ஏற்கெனவே ஊறியிருக்கும். பிரஷ்ஷை நனைச்சு, உதறி, சோப்பு மேல அரை நிமிஷம் சுத்துங்க. செயற்கை இழை பிரஷ்ஷே தாராளம். அப்புறம் முகத்துல வட்டமா தேய்ங்க. படுத்துக் கிடக்கிற முடியெல்லாம் எழுந்து நிக்கும். நுரை காய்ஞ்சா சொட்டுத் தண்ணி சேர்த்துக்கோங்க.

ரேசரை அழுத்தாதீங்க. டபுள் எட்ஜ் ரேசர்னா சுமார் 30 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா, அதோட எடையே வேலையை முடிச்சிடும். முடி எந்தப் பக்கம் வளருதோ அந்தப் பக்கமே இழுங்க. கழுத்துல மட்டும் திசை மாறும், தடவிப் பார்த்துக்கோங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரை அலசுங்க. பரு மேல மட்டும் வீரம் வேண்டாம். கடைசியா பச்சைத் தண்ணியில முகம் கழுவிட்டு, கீறல் இருந்தா படிகாரத்தை ஈரமாக்கித் தடவுங்க. கை, கால் ஷேவ் பண்ற கேர்ள்ஸுக்கும் அடிப்படை ரூல் இதேதான்.

சுருட்டைத் தாடிக்காரங்களுக்கு ஒரு ஸ்பெஷல் நோட். அடுக்கு பிளேடு முடியை இழுத்துப் பிடிச்சு, தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிடும். அந்த முடி திரும்ப வளரும்போது வளைஞ்சு தோலுக்குள்ளயே குத்தும். நீங்க பருன்னு நினைக்கிற சில கழுத்து முடிச்சுக்குக் காரணம் இதுதான். உங்களுக்கு ஒத்தை பிளேடே நல்ல நண்பன்.

எந்த பிளேடா இருந்தாலும் மழுங்கத்தான் செய்யும். முடி ஸ்டீலை விட சுமார் 50 மடங்கு மென்மையானது. அது எப்படி ஸ்டீலை மழுங்க வைக்குது? இதை 2020-ல எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்ல பாஸ், அமெரிக்கா எம்.ஐ.டி! பிளேடு விளிம்புல கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கிற இடத்துல முடி வளைஞ்சு மோதினா, ஸ்ட்ரெஸ் அங்கேயே குவிஞ்சு ஸ்டீல் பொடிப்பொடியா சிதறுதாம். அதனால அஞ்சுலேர்ந்து ஏழு ஷேவுக்குள்ள பிளேடை மாத்திடுங்க. செமஸ்டர் முழுக்க ஓட்டாதீங்க.

இப்போ அந்த மூணாவது ஆளுக்கு வருவோம். நட்புக்காக நோட்ஸ் குடுங்க, பைக் சாவி குடுங்க, ரேசர் மட்டும் குடுக்காதீங்க. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியேயே குறைஞ்சது ஏழு நாள் உயிர்ப்போட இருக்கும். அது பரவ, கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். "அவனுக்கு ஒண்ணும் இல்ல மச்சி"ங்கிறது டெஸ்ட் ரிப்போர்ட் ஆகாது. அந்த வைரஸ் இருக்கிற பல பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. படிகாரக் கட்டிக்கும் இதே ரூல்தான். சலூன்லயும் "அண்ணே, புது பிளேடு போடுங்க"ன்னு கேட்க வெட்கப்படாதீங்க. அதுக்கு ஒரு தடுப்பூசியும் இருக்கு. போட்டாச்சான்னு வீட்டுல கேட்டு வைங்க.

செலவு? பிரஷ்ஷும் ரேசரும் ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்கா வரும். டபுள் எட்ஜ் பிளேடு பாக்கெட்டு கேன்டீன்ல டீ, வடை சாப்பிடுற காசுதான். உண்மையான செலவு, காலையில பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திருக்கிறது மட்டும்தான். அது முடியுமா பாஸ்?