இசைச் சோலை: புலம் பெயர்ந்த பண்

பிறந்த மண்ணை விட்டு வந்த ஓர் இசை, வந்த ஊரில் எத்தனை தலைமுறை வாழும்? ஊர் விட்டு ஊர் வந்து குடியிருக்கும் நமக்கு இக்கேள்வி புதியதன்று. இம்மாதம், அமெரிக்காவிற் குடியேறிய யூதர்களின் இசை இதற்கு என்ன விடை தருகிறது என்று காண்போம்.

கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் யிட்டிஷ் மொழி பேசினர். அவர்தம் திருமணங்களில் வாசித்தவர்களுக்குக் 'கிளெஸ்மர்' என்று பெயர். எபிரேய மொழியில் இசைக்கருவியைக் குறித்த அச்சொல், பின்னர் வாசிப்பவருக்கும், நம் காலத்தில் அவ்விசைக்கும் பெயராயிற்று. பிடிலும் கிளாரினெட்டும் விம்முவது போன்ற அசைவுகளோடு ஒலிக்கும். அடுத்த கணமே துள்ளி ஆடும். அதில் மிகுதியாகப் பயிலும் ஒரு சுரவரிசை, நம் வகுளாபரண மேளத்தின் சுரங்களையே உடையது. எனவே நம் செவிக்கு அது முற்றும் அந்நியமாகத் தோன்றாது.

1880-களிலிருந்து 1924 வரை ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்கா சென்றனர். கிளாரினெட் மேதை டேவ் டாராஸ் 1921-இல் நியூயார்க் சேர்ந்தார். அங்கே ஜாஸ் இசை கோலோச்சியது. ஷோலம் செகுண்டா 1932-இல் யிட்டிஷ் நாடகத்துக்கு இசையமைத்த ஒரு பாட்டை, 1937-இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் ஜாஸ் நடையிற் பாட, நாடெங்கும் அது ஒலித்தது.

ஆயினும் வீட்டில் நேர்ந்தது வேறு. பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்ந்தனர். தந்தையரின் இசை அவர்களுக்குப் பழங்கதையாயிற்று. கடல் கடந்த தாய்நிலத்திலோ, நாஜிகள் 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். 1492-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட செபார்டிக் யூதர்கள், லடினோ மொழிப் பாடல்களைத் தாய் மகளுக்குச் சொல்லிவைத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர். அவர்களின் பெருநகரான சலோனிகாவிலிருந்தும் 1943-இல் மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர்.

இனி முடிந்தது என்றிருந்த வேளையில் பேரன்மார் வந்தனர். 1970-களில் ஆண்டி ஸ்டாட்மன் என்ற இளைஞர், முதியவரான டாராஸிடம் சென்று நேரிற் பயின்றார். ஜாஸ் பயின்ற ஹாங்கஸ் நெட்ஸ்கி, கிளெஸ்மர் வாசித்த தம் குடும்பத்தாரின் வழியைத் தேடி, 1980-இல் பாஸ்டனில் ஒரு குழுவைத் தொடங்கினார். 1986-இல் நியூயார்க்கில் தோன்றிய 'கிளெஸ்மாட்டிக்ஸ்' குழு, பழைய பண்ணோடு ஜாஸ் இசையின் மனோதர்மத்தை இணைத்தது. 2007-இல் கிராமி விருதும் பெற்றது. செபார்டிக் பாடல்களையும் இவ்வாறே ஜாஸோடு இசைப்போர் இன்று உளர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பழைய இசைத்தட்டுகள் அப்பண்களைக் காத்தன, மெய்தான். ஆனால் மூச்சை எங்கே அடக்குவது, விம்மலை எங்கே தொடுப்பது என்று காட்ட ஒரு முதியவர் உயிரோடு இருந்தார். டாராஸ் 1989-இல் மறைந்தார். இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்க ஆளில்லை.

நம் இல்லங்களிலும் தாலாட்டும் நலுங்குப் பாட்டும் அறிந்த பாட்டியர் உளர். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்து வைப்பது நன்று. அதனினும் நன்று, பேரக் குழந்தையை அவர் அருகில் அமர்த்தி, உடன் பாடச் செய்வது. புதிய இசையோடு அதனைக் கலப்பதா, கலவாது காப்பதா என்பதை அக்குழந்தை பின்னர் முடிவு செய்யட்டும். முடிவு செய்வதற்கு முதலில் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?